மலத்தில் மறைந்திருக்கும் இரத்தம்: வீட்டிலேயே மாதிரி எடுக்கும் பரிசோதனை

ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது எங்கள் மஹல்லாப் பெரியவர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். டாக்டர் எழுதிக் கொடுத்து, லேபில் ஒரு சின்ன டப்பா தந்திருக்கிறார்கள். "ஹஜ்ரத், குச்சியால் மலத்தைத் தொட்டு இதில் போடணுமாம். உளூ என்னாகும்?" என்றார்.

நஜிஸ் கையில் பட்டால் உளூ முறியாது, பட்ட இடத்தைக் கழுவினால் போதும். ஆனால் அந்த டப்பாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தொழக்கூடாது. மூடியிருந்தாலும் நஜிஸைச் சுமந்து தொழுவதாகிவிடும். நோன்பு நாளில் மாதிரி எடுப்பதாலும் நோன்புக்கு ஒன்றும் ஆகாது.

பெருங்குடலின் உட்சுவரில் 'பாலிப்' என்ற சிறு சதை வளர்ச்சிகள் தோன்றுவதுண்டு. எல்லாம் புற்றுநோயாவதில்லை. சில மட்டும், பெரும்பாலும் பல ஆண்டுகளில், மெல்ல மாறுகின்றன. அந்தக் காலத்தில் வலி இருக்காது. மலம் உரசிச் செல்லும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் கசியலாம். அதைத்தான் இந்தச் சோதனை தேடுகிறது. ஃபிட் என்பார்கள்.

"மூணு நாள் கறி சாப்பிடக் கூடாதாமே?" என்று பலர் கேட்கிறார்கள். அது பழைய முறைக்குரிய பத்தியம். ஃபிட் மனித இரத்தத்தின் ஹீமோகுளோபினை மட்டும் அடையாளம் காண்பதால் மாட்டிறைச்சி சாப்பிட்டாலும் குழப்பமில்லை.

மாதிரி எடுக்கும்போது மலம் தண்ணீரில் படக்கூடாது. கோப்பையில் காகிதம் விரித்துக்கொண்டு, குச்சியால் மலத்தின் மேற்பரப்பில் பல இடங்களில் தொட்டெடுங்கள். குச்சியில் ஒட்டும் அளவே போதும். அள்ளிப் போட வேண்டாம். டப்பாவில் தேதி எழுதி சீக்கிரம் லேபில் சேருங்கள். நம்மூர் வெயிலில் ஹீமோகுளோபின் சிதைந்துவிட்டால், இருக்கும் இரத்தமும் இல்லையென்றே காட்டும். மாதவிடாய் நாட்களிலும் மூலத்தில் இரத்தம் வரும்போதும் எடுக்காதீர்கள்.

இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை இந்த டப்பா தபாலில் வீட்டுக்கே வருகிறது. சிங்கப்பூரிலும் 50 வயது முதல் இச்சோதனையைச் செய்யச் சொல்கிறார்கள். அங்குள்ள நம் உறவினர்களிடம் கேட்டுப் பாருங்கள். இந்தியாவில் அப்படி வீடு தேடி வருவதில்லை, நாமாக டாக்டரிடம் கேட்க வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். மலத்தில் இரத்தம் கண்ணுக்கே தெரிகிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது என்றால் டப்பாவுக்காகக் காத்திருக்காமல் நேரே டாக்டரிடம் போங்கள்.

அந்தப் பெரியவருக்கு 'பாசிட்டிவ்' என்று வந்தது. "மூலமாத்தான் இருக்கும், இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கிறேன்" என்றார். பலர் தவறுவது இங்கேதான். கசிவு விட்டுவிட்டு வருவது. மறுமுறை 'நெகட்டிவ்' வந்தால் முதல் முடிவு பொய்யாகிவிடாது. பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்றும் பொருளில்லை. காரணம் தெரிய கொலனோஸ்கோபி செய்ய வேண்டும். பாலிப் இருந்தால் பெரும்பாலும் அப்போதே அகற்றிவிடுவார்கள்.

அவர் தயங்கிய உண்மையான காரணம் அவ்ரத்து. மருத்துவத் தேவைக்காக, தேவையான அளவு வெளிப்படுத்த மார்க்கத்தில் அனுமதி உண்டு என்று சொன்னேன். மறுவாரமே மகனுடன் போய் வந்தார், இரண்டு பாலிப்களை எடுத்திருக்கிறார்கள். இதே வெட்கத்தால் நம் உம்மாக்கள் பலர் வீட்டில்கூட வாய் திறப்பதில்லை. மகளோ மருமகளோ கேட்டால் சொல்வார்கள். பெண் மருத்துவர் வேண்டுமென்றால் தேதி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.