பஞ்ச் மெஷினுக்கு மணி சொல்வது யார்?

கோவையில் 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. மில் தொழிலாளிக்கு அன்று நேரம் சொன்னது சங்கு. இன்று வாசலில் விரல் வைக்கும் பஞ்ச் மெஷின்.

ஒரே ஆலையின் இரண்டு வாசல்களில் உள்ள மெஷின்கள் சில நேரம் ஏன் வேறு வேறு மணி காட்டுகின்றன? மெஷினுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதை 15 முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு. பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை இருந்தாலே நாளுக்கு 1.7 நொடி, மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் விலகிவிடும். இவ்வகைப் படிகம் 25 டிகிரியை ஒட்டித்தான் ஒழுங்காக ஓடும். ஃபவுண்டரி வெக்கையில் மெதுவாகும். அதனால் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் சர்வர் அவ்வப்போது எல்லா மெஷின்களுக்கும் தன் மணியை அனுப்பித் திருத்துகிறது. நெட்வொர்க் போனால் பதிவுகள் மெஷினின் நினைவகத்தில் காத்திருந்து, பிறகு சர்வருக்குச் செல்லும்.

நைட் ஷிப்டுதான் சிக்கல். இரவு 10 மணிக்கு நுழைந்தவர் காலை 6 மணிக்கு வெளியேறும்போது தேதி மாறியிருக்கும். ஷிப்டு அட்டவணையோடு சேர்த்துப் பார்க்காத சர்வர், ஒரு முழு நாள் உழைப்பை இரண்டு அரைகுறைப் பதிவுகளாக்கிவிடும். ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே வகுத்தது. அந்தக் கணக்கு தொடங்குவது நுழைவு, வெளியேற்றம் என்ற இரண்டு பதிவுகளில்தான். அவற்றைத் தொழிலாளியும் அன்றன்றே பார்க்க முடிய வேண்டும்.