பனைத் தொழிலும் அரசினர் உதவியும்

குலசேகரன்பட்டினம் என்றவுடன் முத்தாரம்மன் கோயில் தசராத் திருவிழா பலர் நினைவிற்கு வரும். 2024இல் அடிக்கல் நாட்டப்பெற்ற விண்கல ஏவுதளம் வேறு சிலர் நினைவிற்கு வரும். ஆயினும், அவ்வூரைச் சூழ்ந்த தேரி நிலத்தில் நெடுங்காலமாக எளியோர்க்குச் சோறிட்டு வந்தது பனைமரமே. அவ்வெளியோரின் சிறுதொழிலுக்கு அரசினர் உதவி எங்ஙனம் அமைதல் வேண்டும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பனையேறுவோர் காலையும் மாலையும் மரமேறிப் பாளை சீவுவர். உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் வடியும் பதநீரை வீட்டுப் பெண்டிர் காய்ச்சிச் சிரட்டையில் வார்த்துக் கருப்பட்டியாக்குவர். மரப்பாட்டம், கலயம், விறகு ஆகியவற்றிற்குரிய செலவு முன்னே நிற்க, வரவோ பின்னே வரும். ஆகவே வணிகரிடம் முன்பணம் பெறுதல் வழக்கமாயிற்று. முன்பணம் பெற்றவர் அவ்வணிகர் குறிக்கும் விலைக்கே சரக்கை அளக்க நேர்கின்றது. நல்ல விலை வருமளவும் காத்திருப்போம் எனில், மழைக்காலத்தில் கருப்பட்டி ஈரம் உறிஞ்சிக் கசிந்துவிடும்.

முன்னாளில் பாரி கம்பெனியார் இவ்வூரில் சர்க்கரை ஆலை நடத்தியதோடு, திருச்செந்தூரையும் திசையன்விளையையும் இணைக்கும் சிற்றிருப்புப் பாதையும் அமைத்தனர். 1940இல் அப்பாதை மூடப்பெற்றது. பின்னர், 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்குப் பரவியபோது, கள் இறக்கி வாழ்ந்தோர் பிழைப்பிழவாவண்ணம் கருப்பட்டி காய்ச்சும் கூட்டுறவுச் சங்கங்கள் வளர்க்கப்பட்டன. ஒரு கையால் தடுத்த அரசு மறு கையால் தாங்கவும் வேண்டும் என்னும் நீதியே அதன் அடிப்படையாம்.

பின்வந்த உதவிகளும் பல. 2008இல் பிரதம மந்திரி வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் தோன்றியது. நாட்டுப்புறத்தில் தொழில் தொடங்கும் மகளிர், பிற்பட்டோர், பட்டியல் வகுப்பார் முதலியோர் நூற்றுக்கு 5 பங்கு கைப்பணமிட்டால், 35 பங்கு மானியமாகும் என்றும், எஞ்சியது வங்கிக்கடன் என்றும் அதில் விதிக்கப்பட்டது. அம்மானியம் கையில் தரப்படுவதன்று. மூன்றாண்டு வங்கியில் வைப்பாயிருந்து, பின்னரே கடனில் கழிக்கப்பெறும். 2021இல் தமிழக அரசு வேளாண்மைக்கெனத் தனி வரவுசெலவுத் திட்டம் வெளியிட்டு, அதனுள் பனை மேம்பாட்டு இயக்கத்தையும் அறிவித்தது. அருகிலுள்ள உடன்குடியின் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இவையெல்லாம் போற்றத்தக்கனவே. எனினும், ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. மரத்தின் உச்சியில் இருப்பவரை இவ்வுதவி எட்டுகின்றதா? எந்திரம் வாங்கவும் கொட்டகை கட்டவும் கடன் பெறலாம். ஆனால், பாட்டத்திற்கு மரமேறுவோர்க்கு உடனே வேண்டுவது பருவத்திற்கு முன் கிடைக்கும் சிறு தொகையே. குறியீட்டின் பெயர் சரக்கின் விலையை உயர்த்தினும், சரக்கு முன்னமே வணிகர் கைக்குச் சென்றிருப்பின் அவ்வுயர்வு காய்ச்சியவர்க்கு ஆகாது. சீனி கலந்த போலிக் கருப்பட்டி மலிவாய் விற்கப்படின், மெய்யான சரக்கும் மதிப்பிழக்கும்.

ஆகவே மூன்று செயல்கள் இன்றியமையாதன என்பது எம் கருத்து. பருவத் தொடக்கத்திலேயே சங்கத்தின் வாயிலாகக் குறைந்த வட்டிக்கு முன்பணம் அளித்தல். ஈரம் புகாத பொதுக் கிடங்கு அமைத்துச் சரக்கின்பேரில் கடன் கொடுத்தல். கலப்படத்தைச் சோதித்துத் தடுத்தல். இம்மூன்றும் சேர்ந்தாலன்றி ஒன்று மற்றொன்றைக் காவாது.

திருமறையில் வரும் நல்ல சமாரியன், குற்றுயிராய்க் கிடந்தவனுக்கு எண்ணெய் வார்த்ததோடு நின்றானில்லை. சத்திரக்காரனிடம் பணமும் கொடுத்து, மேற்செலவையும் தானே ஏற்றான். அரசினர் உதவியும் அங்ஙனம் தொடக்கம் முதல் முடிவு வரை உடன் வருவதாக. அவ்வழியைக் கற்றோராகிய நாம் எடுத்துரைப்பதே, நம் ஊர்ப் பனையேறுவோர்க்கு நாம் செலுத்தத்தக்க சிறு நன்றியாம்.