ஒப்பந்தம் போகட்டும், வகுப்பு இருக்கட்டும்

கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையை அடுத்துள்ள புனேயின் போபோடியில், எல்லைப் பதற்றம் வெறும் பத்திரிகைச் செய்தியல்ல. எதிரி நாட்டோடு கைகோக்கும் பல்கலைக்கழகத்துக்கு அரசுப் பணம் எதற்கு என்ற கேள்வி இங்கே இயல்பானது.

2020 கல்வான் மோதலில் 20 இந்திய வீரர்கள் பலியான பிறகு, சீன அரசு ஆதரவு பெற்ற கன்பூசியஸ் மையங்களை மறுஆய்வு செய்ய மத்திய அரசு முடிவெடுத்தது. மும்பை பல்கலைக்கழகமும் வேலூர் விஐடியும் அந்தப் பட்டியலில் இருந்தன. அமெரிக்கா இன்னும் கறார்: 2018 சட்டப்படி, இம்மையம் உள்ள பல்கலைக்கழகங்களின் சீன மொழிப் படிப்புக்கு பென்டகன் நிதி கிடையாது. சுமார் 100 மையங்கள் 2023க்குள் ஐந்துக்கும் கீழே இறங்கின.

சந்தேகம் நியாயமே. ஆனால் எதிரே நிற்பவரின் மொழி தெரியாமல் காவல் காப்பது எப்படி? வரைவில் இருந்த சீனம், 2020 தேசியக் கல்விக் கொள்கையின் அன்னிய மொழிப் பட்டியலில் காணாமல் போனது. ஒப்பந்தத்தை ரத்து செய்யும் அரசு, அதே வகுப்பைத் தன் செலவில் நடத்த வேண்டும்.