கிங்ஸ் சர்க்கிளில் ஒரு தமிழ்ப் படமாளிகை

குர்லாவில் வாழும் நமக்கு மாட்டுங்கா தொலைவன்று. மின்சார ரயிலில் ஏறினால் அடுத்தது சயான், அதற்கடுத்தது மாட்டுங்கா. அங்கிருந்து சற்று நடந்தால் கிங்ஸ் சர்க்கிள். அதன் அருகேதான் அரோரா என்னும் படமாளிகை எழுந்தது. ஒரே திரை கொண்டது. ஆங்கிலப் படங்களும் இந்திப் படங்களும் அங்கே ஓடியதுண்டு. எனினும் நம்மவர் அதனை நினைவிற் கொண்டது தமிழ்ப் படங்களுக்காகவே.

1896இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. அதன் பயனாக 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை, தாதர், மாட்டுங்காப் பகுதிகளில் புதிய குடியிருப்புகளை வகுத்தது. அலுவலகப் பணிக்கு வந்த தென்னிந்தியர் அங்கே குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும், 1952இல் சண்முகானந்த சபையும் தோன்றின. அருகிலுள்ள தாராவியிலோ, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் தோல் பதனிட்டு வாழ்ந்தனர். இரு சாராரும் தமிழரே. ஆயினும் சபைக் கச்சேரியில் தாராவித் தொழிலாளியைக் காண்பது அரிது. படமாளிகையின் வாயிலிலோ இருவரும் காத்து நின்றனர். இருக்கைக் கட்டணம் வேறாக இருக்கலாம்; திரை ஒன்றுதானே!

அந்நாளில் தமிழ்ப் படம் மும்பைக்கு வருவது எளிதன்று. ஆயிரம் அடிச் சுருள் ஒன்று ஏறத்தாழ 11 நிமிடமே ஓடும். இரண்டரை மணி நேரப் படத்திற்குப் பதினான்கு சுருள்கள் வேண்டும். பிரதி எடுக்கப் பெருஞ்செலவாகும். எனவே பிரதிகள் சிலவே இருந்தன. அவை முதலில் தமிழகத்து ஊர்களுக்கே சென்றன. படப்பெட்டி வடக்கே வந்து சேரும் வரை நாம் பொறுத்திருந்தோம். ஊரிலிருந்து வந்த உறவினர் கதையை முன்னரே சொல்லிவிடுவதும் உண்டு; அக்கொடுமையை எவரிடம் முறையிடுவது!

எண்முறைத் திரையீடு வந்ததும் படப்பெட்டி மறைந்தது. 2016 ஜூலை 22 அன்று ‘கபாலி’ சென்னையில் வெளியான நாளிலேயே அரோராவிலும் திரையிடப்பட்டது. விடியுமுன்னரே இரசிகர் கூடினர். ஆயினும் அரோராவின் தனிச்சிறப்பைக் குறைத்ததும் அதே வசதிதான். பெட்டிக்காகக் காத்திருக்க வேண்டாத காலத்தில், பல திரை கொண்ட எந்த அரங்கும் ஒரு திரையைத் தமிழுக்கு ஒதுக்கலாம். 2011இல் குர்லாவிலேயே பெரிய வணிக வளாகமொன்று திறக்கப்பட்டது. அதனுள் திரையரங்குகளும் அமைந்தன. தமிழ்ப் படம் பார்க்க நாம் மாட்டுங்காவுக்குப் போகவேண்டிய கட்டாயம் நீங்கிற்று. பயண நேரம் மிச்சமே. ஆனால் குடும்பத்தோடு செல்ல எண்ணும் தாராவித் தொழிலாளி, வளாகத்தின் பளிங்குப் படியில் கால் வைக்கு முன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.