இருபது ஏரும் இருபது சென்ட்டும்

மீஞ்சூருக்குச் சமீபத்தில் தகப்பனார் வைத்துவிட்டுப் போன ஒரு துண்டு நிலத்தை விற்றுவிடுவதென்று நம் நண்பர் ஒருவரின் அத்தை தீர்மானித்தார். அந்த அம்மாளுக்கு வயது எழுபதுக்கு மேல். நிலத்தைக் கண்ணால் பார்த்தே நாற்பது வருஷம் ஆகிவிட்டதாம். கையில் இருந்தது பட்டா ஒன்றுதான். அதில் பரப்பு என்ற கட்டத்தில் '0 - 20.00' என்று போட்டிருந்தது. தரகர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் பார்த்தார். "இருபது சென்ட் அம்மா" என்றார். சென்ட்டுக்கு இன்ன விலை என்று பேச்சும் முடிந்து, முன்பணத்தை எடுத்து வைக்கவும் சித்தமாகிவிட்டார்.

நல்லவேளையாக நண்பர் அன்று வீட்டில் இருந்தார். வள்ளூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் உத்தியோகம் பார்ப்பவர் அவர். மீட்டரும் மில்லிமீட்டருமாகவே பொழுது போக்குகிறவர். பட்டாவை வாங்கிப் பார்த்தார். "அத்தை, இது சென்ட் அல்ல, ஏர். உங்கள் நிலம் நாற்பத்தொன்பது சென்ட்டுக்குச் சற்று மேலே இருக்கிறது" என்றார். இருபது சென்ட்டின் விலைக்கு நாற்பத்தொன்பது சென்ட் கைமாற இருந்தது! தரகர் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்ற ஆராய்ச்சியில் நாம் இறங்கப் போவதில்லை. அவரே ஒரு நிமிஷம் திகைத்துப் போனதாக நண்பர் சொல்கிறார், நம்புவோம்.

இந்த 'ஏர்' என்பது என்ன? உழவன் பூட்டும் ஏருக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. பிரெஞ்சு தேசத்திலிருந்து வந்த சொல் இது. பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள சதுரம், அதாவது நூறு சதுர மீட்டர், ஓர் ஏர். நூறு ஏர் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். சென்ட் என்பதோ ஆங்கில ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கு, 435.6 சதுர அடி. ஏக்கரிலும் நூறு பங்கு, ஹெக்டேரிலும் நூறு பங்கு. மயக்கம் வருவதற்குக் கேட்பானேன்? ஓர் ஏரில் 2.47 சென்ட் அடங்கும். காகிதமும் பென்சிலும் இல்லாத இடத்தில் ஏரை இரண்டரையால் பெருக்கி, வருவதில் நூற்றுக்கு ஒன்று தள்ளிவிட்டால் போதும். இருபது ஏருக்கு ஐம்பது. அரை தள்ளினால் நாற்பத்தொன்பதரை. சரியான கணக்கு 49.42. தரகரின் வாயை அடைக்க இவ்வளவு நுட்பம் தாராளம்.

ஒரே நிலத்துக்குச் சர்க்கார் தஸ்தாவேஜில் ஒரு பெயரும் ஜனங்கள் வாயில் வேறொரு பெயரும் ஏன் வந்தன? சுதந்திரம் வந்து பத்து வருஷத்துக்குள் நம் தேசம் துணிந்து ஒரு காரியம் செய்தது. 1956-ம் வருஷம் எடை, அளவைகளுக்கான சட்டம் பிறந்தது. 1957 ஏப்ரலில் அணாவும் தம்பிடியும் விடைபெற, நயா பைசா வந்தது. 1958 அக்டோபர் முதல் கிலோகிராம் படிப்படியாகக் கடைத்தெருவில் ஏறி, வீசையையும் பலத்தையும் இறக்கிவிட்டது. வீசை என்பது ஒரு கிலோ நானூறு கிராம். பலம் முப்பத்தைந்து கிராம். பாட்டிமார்களின் பட்சணக் குறிப்புகளை வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். நமக்கு அடியையும் ராத்தலையும் கொடுத்த இங்கிலாந்தே 1965-ல்தான் மெட்ரிக்குக்கு மாறுவதென்று தீர்மானித்தது. அங்கே ரோட்டுப் பலகைகளில் இன்னும் மைல்தான். அமெரிக்கா இன்றைக்கும் பவுண்டை விடவில்லை. இந்த ஒரு விஷயத்தில் நாம் மார்தட்டிக்கொண்டால் தவறில்லை.

ஆனால் தராசு மாறிய வேகத்தில் நிலம் மாறவில்லை. பழைய செங்கற்பட்டு ஜில்லாவிலிருந்து 1997-ல் பிரிந்ததுதான் திருவள்ளூர் ஜில்லா. அந்தச் சீமையில் 2,400 சதுர அடி ஒரு மனை. கிரவுண்டு என்றாலும் அதுவே. இருபத்துநான்கு மனை ஒரு காணி. தஞ்சாவூருக்குப் போனாலோ மா என்றும் குழி என்றும் பேசுவார்கள். ஒரு மா சுமார் முப்பத்து மூன்று சென்ட். இவற்றின் மேல் ஏக்கர் வந்து உட்கார்ந்தது; ஏக்கரின் மேல் ஹெக்டேர் உட்கார்ந்தது. அடியில் இருப்பது எதுவும் எழுந்து போகவில்லை! கும்மிடிப்பூண்டி வரையில் மனைப் பிரிவு விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டு போங்கள்: சதுர அடி, கிரவுண்டு, சென்ட், பட்டாவில் மட்டும் ஹெக்டேர், ஏர்.

இங்கே படித்தவர்களும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. ஒரு மீட்டர் 3.28 அடி என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே 2,400 சதுர அடியை 3.28-ஆல் வகுத்து, 731 சதுர மீட்டர் என்று எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நீளத்துக்கு ஒரு முறை வகுத்தால், பரப்புக்கு இரண்டு முறை வகுக்க வேண்டாமா? 10.76-ஆல் வகுத்தால் 223 சதுர மீட்டர் வரும். அதுதான் சரி. கன அளவு என்றால் மூன்று முறை. ஒரு கன மீட்டருக்கு 35.3 கன அடி.

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறி வள்ளூர்ப் பக்கம் போகிறவர்கள் ஒரு வேடிக்கையைக் கவனிக்கலாம். தண்டவாளங்களின் இடைவெளி 1,676 மில்லிமீட்டர். இது என்ன விசித்திரமான எண் என்று தோன்றும். ஐந்தரை அடியின் மறுவேஷம்தான் அது! இதற்கு நேர்மாறாக, தெற்கே ஓடிய பழைய தென்னிந்திய ரயில்வேயின் பிரதான பாதை மீட்டர் கேஜ். இந்தியா சீக்கிரமே மெட்ரிக் அளவைக்கு மாறிவிடும் என்று எதிர்பார்த்து, 1870-ம் வருஷம் மேயோ பிரபுவின் சர்க்கார் ஒரு மீட்டர் அகலத்தைத் தேர்ந்தெடுத்ததாம். மீட்டர் மேல் பிரயாணம் செய்து, வீசையில் கத்தரிக்காய் வாங்கி, கஜத்தில் துணி கிழித்தார்கள் நம் பெரியவர்கள்.

நிற்க. நிலம் இல்லாதவர்களுக்கும் இந்தக் கணக்கு வேண்டும். தண்ணீர் குடிக்காதவர் யார்? பூண்டி நீர்த்தேக்கம் இந்த ஜில்லாவைச் சேர்ந்தது. சென்னை மேயராக இருந்த தேசபக்தர் சத்தியமூர்த்தியின் முயற்சியால் எழுந்து, அவர் காலமான மறு வருஷம், 1944-ல் முடிவுற்றது. அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. அதன் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. குழாயில் வருகிற தண்ணீரையோ லிட்டரில் எழுதுகின்றன. ஏரி ஒரு பாஷை பேச, குழாய் வேறு பாஷை பேசினால் வீட்டுக்காரருக்கு என்ன விளங்கும்?

ஒரு கன அடி 28.3 லிட்டர். ஆகையால் மில்லியன் கன அடி 2 கோடியே 83 லட்சம் லிட்டர். பூண்டி நிரம்பினால் ஏறக்குறைய 9,150 கோடி லிட்டர். நகரத்துக்கு நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் என்று வைத்துக்கொண்டால், வெயில் குடிப்பதைச் சேர்க்காமல், தொண்ணூற்றொரு நாளைக்குக் காணும். டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி. அதே கணக்கில் இருபத்தெட்டு நாள். மாதத்துக்கு ஒரு டி.எம்.சி. என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். வள்ளூருக்கு அருகே காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010-ல் ஆரம்பமாயிற்று. அதன் திறன் நாளைக்கு 10 கோடி லிட்டர். ஒரு பூண்டிக்குச் சமமான தண்ணீரை அது தயாரிக்க இரண்டரை வருஷம் பிடிக்கும். இரண்டையும் லிட்டரில் வைத்துப் பார்த்த பிறகுதான் மழையின் அருமை நமக்கே புலப்பட்டது. மழைக்காலத்தில் "விநாடிக்கு ஆயிரம் கன அடி திறப்பு" என்று செய்தி வருகிறதே, அது ஒரு நாள் முழுவதும் ஓடினால் சுமார் 245 கோடி லிட்டர். இரண்டரை நாள் குடிநீர்.

அளவை மாறாட்டத்தில் நிலமும் நீரும் மட்டுமல்ல, உயிரும் ஊசலாடியது உண்டு. கனடா தேசம் மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்த சமயம், 1983 ஜூலையில், ஏர் கனடா விமானம் ஒன்றுக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவையாயிருந்தது. லிட்டரை எடையாக மாற்றும்போது கிலோவுக்குரிய எண்ணை விட்டுப் பவுண்டுக்குரிய எண்ணால் பெருக்கிவிட்டார்கள். தேவையில் பாதிக்கும் குறைவான எண்ணெயுடன் விமானம் கிளம்பிற்று. நடு ஆகாயத்தில் இரண்டு என்ஜின்களும் நின்றன. விமானி அதைக் கழுகு போல் மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரிலிருந்த பழைய விமான தளத்தில் இறக்கிவிட்டார். உயிர்ச்சேதம் இல்லை.

மீஞ்சூர் அத்தையின் நிலம் இன்னும் விலை போகவில்லை. இப்போது யார் கேட்டு வந்தாலும், பத்திரத்தில் ஏர், சென்ட், சதுர அடி ஆகிய மூன்றிலும் பரப்பை எழுத வேண்டும் என்று அந்த அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறாராம். பட்டாவின் நகல் ஒன்றின் பின்புறம் 2.47 என்று பெரிதாக எழுதி, பூஜை அறையில் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறார்.