மூன்று ஆண்டு ஞாயிறுகளை விழுங்கிய எண்

சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு தானியமணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என இரட்டித்து வைக்கும்படி அரசனை வேண்டிய அறிஞனின் கதையை அறியாதார் நம்மிற் சிலரே. பலகையில் 64 கட்டங்கள் உள்ளன. இன்னும் மூன்றைக் கூட்டி 67 ஆக்கினால், மணிகளின் மொத்தத் தொகை 147,573,952,589,676,412,927 ஆகும். 67 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, ஒன்றைக் கழித்தாலும் இதுவே விடை. இந்த 21 இலக்க எண்ணுக்கு ஒரு சரித்திரம் உண்டு.

1644 ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துத் துறவி மேர்சென், இது முதன்மை எண் என்று எழுதி வைத்தார். அதாவது, ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண். 232 ஆண்டுகள் கழித்து, 1876 இல், அந்நாட்டுக் கணித வல்லுநர் லூக்கா அக்கூற்றுத் தவறென நிறுவினார். விந்தை யாதெனில், எவ்வெண்ணால் அது வகுபடும் என்பதை அவர் காட்டவில்லை. காரணிகளைக் காணாமலே சோதிக்கும் முறையொன்றை அவர் வகுத்திருந்தார். களவு போனது நிச்சயம்; கள்வன் யாரென்பது மட்டும் தெரியவில்லை!

கள்வரைப் பிடித்தவர் அமெரிக்கப் பேராசிரியர் பிராங் நெல்சன் கோல். 1903 ஒக்டோபரில் நியூயோர்க்கில் நடைபெற்ற கணிதச் சங்கக் கூட்டத்தில் அவர் வாய் திறவாமலே கரும்பலகையை அணுகினார் என்பர். ஒருபுறம் 67 இரண்டுகளின் பெருக்கத்தைக் கணித்து, ஒன்றைக் கழித்தார். மறுபுறம் 193,707,721 ஐ 761,838,257,287 ஆற் பெருக்கினார். இரு விடைகளும் ஒன்றாயின. வெண்கட்டியை வைத்துவிட்டுத் தம் இருக்கையில் அமர்ந்தார். அவையோர் கரகோஷம் செய்தனர். இதற்கு எவ்வளவு காலம் சென்றது என்று பின்னர் வினவியபோது, “மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள்” என்றாராம். அந்த ஞாயிறுகளில் இல்லத்தார் என்ன சொல்லியிருப்பர் என்பதை வாசகரே ஊகித்துக் கொள்ளலாம்.

இத்தனை காலம் ஏன்? இவ்வெண்ணின் காரணி எதுவாயினும், அதை 134 ஆல் வகுத்தால் மீதி ஒன்றே வரவேண்டும் என்பது கணித விதி. ஆகவே எல்லா எண்களையும் சோதிக்க வேண்டியதில்லை. ஆயினும், அவ்வகை எண்களை மட்டும் வரிசையாக எடுத்தாலும், சிறிய காரணியைக் கண்டடைய 14 இலட்சத்து 45 ஆயிரத்துக்கும் மேற்பட்ட எண்களைக் கடக்க வேண்டும். கோல் வேறு உபாயங்களாலும் எல்லையைக் குறுக்கினார். எனினும் கையாற் செய்யும் கணக்கன்றோ!

இன்றைய கணினிக்கு இது கண்ணிமைக்கும் நேர வேலை. ஆனால் பல நூறு இலக்கங்கள் கொண்ட எண்ணை, இரண்டு பெரிய முதன்மை எண்களைப் பெருக்கி ஆக்கியிருந்தால், கணினியும் தடுமாறும். பெருக்குவது எளிது, பிரிப்பது அரிது என்னும் இவ்வேறுபாட்டை நம்பியே இணையவழிச் செய்திகள் பலவற்றுக்குப் பூட்டிடுகின்றனர்.

மாணவர்கள் கோலின் பெருக்கலைத் தம் கொப்பியிற் செய்து பார்க்கலாம். ஒரு சிறு பரிசோதனையும் உண்டு. இரு காரணிகளின் இலக்கங்களைத் தனித்தனியே கூட்டினால் 37, 64. பெருக்கத்தின் இலக்கங்களைக் கூட்டினால் 109. மூன்றையும் ஒன்பதால் வகுத்தால் மீதி ஒன்றே. ஒன்றை ஒன்றாற் பெருக்கினாலும் ஒன்றே ஆதலின் கணக்குப் பொருந்துகிறது. ஆனால் விடையில் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதிவிட்டால், இப்பரிசோதனை அப்பிழையைக் காட்டிக் கொடாது.