தாழ்ந்துகொண்டே போகும் வயல்கள்

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகருக்கு வடக்கே உள்ள வயல்வெளியில் ஒரு விந்தையைக் காணலாம். கரைகளுக்கிடையே ஆறு உயரத்தில் ஓடும். வயல்கள் அதற்குக் கீழே கிடக்கும். மழைநீர் தானாக ஆற்றை அடைய வழியில்லை. பம்புகளால் இறைத்து மேலே ஏற்றவேண்டும்!

'ஃபென்' எனப்படும் இப்பகுதி ஒருகாலத்தில் சதுப்பு நிலம். அங்கங்கே தீவு போல நின்ற மேடுகளில் மட்டுமே ஊர்கள் எழுந்தன. அவற்றுள் ஒன்று ஈலி. இப்பெயர் விலாங்கு மீனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பர். 1083-இல் தொடங்கிய அதன் பேராலயம் சமவெளியில் கப்பல் போல நெடுந்தொலைவு தெரிகிறது.

17ஆம் நூற்றாண்டில் வெர்மைடன் என்ற டச்சுப் பொறியாளர் நீண்ட கால்வாய்கள் வெட்டி நீரை வடித்தார். வளமான கரிய 'பீட்' மண் கிடைத்தது. தொல்லையும் அங்கேதான் தொடங்கியது. பீட் என்பது முற்றிலும் மக்காத தாவரங்களின் குவியல். நீரில் மூழ்கியிருக்கும்வரை அதற்குக் காற்று கிட்டாது, ஆகவே கெடாது. நீர் வடிந்ததும் அது சுருங்கும். காற்று புகுந்ததும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துக் கரியமில வாயுவாக்கிவிடும். மண்ணே ஆவியாகப் போய்விடுகிறது எனலாம்.

எவ்வளவு தாழ்ந்தது? அண்மையிலுள்ள ஹோம் ஃபென்னில் 1851-இல் ஓர் இரும்புத் தூணை அடிக் களிமண்வரை இறக்கினர். அன்று அதன் உச்சி தரைமட்டத்தில் இருந்தது. இன்று தூண் சுமார் 4 மீட்டர் வெளியே நிற்கிறது!

நிலம் தாழத் தாழ நீரை இன்னும் உயரத்திற்கு ஏற்றவேண்டியதாயிற்று. காற்றாலைகள் திணறின. ஸ்ட்ரெதம் கிராமத்தில் 1831-இல் நீராவி எந்திரம் வந்தது. அதன் நீரிறைக்கும் சக்கரம் முதலில் 29 அடி விட்டமுடையது. 1896-இல் அதையே 37 அடியாக்கினர். பின்னர் டீசல் எந்திரங்கள் வந்தன. ஆழமாக வடித்தால் மேலும் பீட் காய்கிறது. நிலம் மேலும் தாழ்கிறது.

பிரிக்வில்லோ கிராமத்தின் கதை வேறு. பழைய ஆறு விட்டுச்சென்ற வண்டல் சுருங்காததால், அந்த ஆற்றுப்படுகையே இன்று மேடாகி வீடுகளைத் தாங்குகிறது.

முழுவதும் வடிக்கப்படாமல் எஞ்சிய சதுப்பு விக்கன் ஃபென். 1899 முதல் பாதுகாக்கப்படும் இது, சுற்றிலும் வயல்கள் தாழ்ந்துவிட்டதால் தானே உயர்ந்து நிற்கிறது. அதை ஈரமாக வைக்க நீரை மேலே ஏற்றவேண்டும். முன்பு வயல்நீரை வடித்த ஒரு காற்றாலையை 1956-இல் இங்கே கொண்டுவந்து நிறுத்தி, நீரை உள்ளே இறைக்கச் செய்தார்கள்.